சோதினை முடியட்டும்

வெள்ளைச் சீலையோட வந்து வாசல்ல நிண்டா அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? உள்ள வாங்கோ றோஸ்மலர் அக்கா, கெதியா வாங்கோ. கோட்டைக் கழட்டாதேங்கோ. குளிரில்லை எண்டு எனக்கும் தெரியும், யூன் மாசம்தானே, எண்டாலும் சீலை தெரியாமப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இருங்கோ. கண் துடைக்கிற லேஞ்சியையும் உள்ள வையுங்கோ. அழுறதெண்டா இப்ப கொஞ்ச நேரம் அழுங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா தம்பி கொலிஜால வாற நேரம் உங்கட கண் சிவந்திருக்கக் கூடாது.

ஓம், மீன்தான் மணக்குது. அறக்குளா. உங்கட முகத்தைப் பாக்கவே விளங்குது, செத்தவீட்டுக்கெண்டு வந்தா இவள் மீன் பொரிச்சுக்கொண்டு நிக்கிறாளே எண்டு யோசிக்கிறியள். நீங்கள் வேதக்காரர், உங்கட ஆக்களுக்குள்ள எப்பிடியோ தெரியாது. எங்கட ஆக்களில அம்மா செத்தா அந்தியேட்டி முடியிற மட்டும், முழுசா ஒரு மாசம், வீட்டுக்குள்ள மச்சம் அண்டக்கூடாது. சாமிப் படத்துக்கு விளக்கும் வைக்கேலாது, துடக்கு. நான் இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லைத்தான், தெரிஞ்சபடியாத்தானே மரக்கறி சமைச்சுக் கொண்டந்திருக்கிறியள். அந்த மனசுக்கு நான் கும்பிடுறன் அக்கா. ஆனா சட்டியை வெளியில எடுக்காதேங்கோ. பைக்குள்ளயே இருக்கட்டும்.

அவனுக்குத் தெரியாது. ஓம், ஒண்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பில இருந்து சித்தப்பா கோல் எடுக்கேக்க அவன் பெற்றோல் செட்டில வேலையில நிண்டவன். ரெலிபோனை நான்தான் எடுத்தனான். நானே கேட்டு, நானே வைச்சனான். நாளையண்டைக்கு வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடைசிச் சோதினை, கணக்கு. அதை எழுதி முடிச்சு வீட்டுக்கு வந்து அவன் சப்பாத்தைக் கழட்டும் மட்டும் எங்கட அம்மா உயிரோடதான் இருக்கிறா. அப்பிடித்தான் நான் முடிவெடுத்திருக்கிறன். இருங்கோ, மீனை ஒருக்காப் பிரட்டிப்போட்டு வாறன், அடிப்பிடிச்சிடும்.

கத்தரின் எப்பிடி இருக்கிறா? கணக்கு இப்ப பறவாயில்லையாமே. தம்பி சொன்னவன், உங்கட மகள் கெட்டிக்காரி, பயந்துதான் பிழை விடுறா எண்டு. சனிக்கிழமையில உங்கட வீட்டுக்கு வந்து படிப்பிக்கிறது அவனுக்கு நல்ல விருப்பம். என்ன சோதினை எண்டாலும் அதை மட்டும் விடமாட்டான்.

என்ன? இல்லை, நீங்கள் கல்நெஞ்சுக்காரி எண்டு சொல்லேல்லை, நான்தான் சொல்லுறன். இவரும் அப்பிடித்தான் சொன்னவர். இவர் போஸ்ற் ஒபிசில வேலை, தெரியும்தானே. கோல் வந்த அண்டைக்குப் பின்னேரம் குசினிக்குள்ள வந்து நிண்டு, சிவனேஸ், பெத்த தாயின்ர சாவை மறைக்கிறது பாவம், அது உன்னைச் சும்மா விடாது எண்டார். விடாட்டிப் போகட்டும், அவன் இஞ்சினியராகட்டும், பாவத்தை நான் சுமந்துகொண்டு திரியிறன் எண்டனான். கடைசியில ஓமெண்டிட்டார். ஆனா மீன் தின்ன மாட்டன் எண்டு நிக்கிறார் அந்த மனுசன். வயித்தில அல்சர் எண்டு தம்பிக்குச் சொல்லிப்போட்டு, பாணும் பாலுமாத் திரியிறார். இல்லாத அல்சருக்குத் தம்பி ஓடிப்போய் கெமிஸ்ற்றில மருந்து வாங்கிக்கொண்டு வந்து, அளந்து ஊத்தி, அத்தான் குடியுங்கோ எண்டு முன்னால நிக்க, இவர் அதையும் குடிச்சவர். சிரியுங்கோ, பறவாயில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏன் இப்பிடிச் செய்யிறன் எண்டு சொல்லுறன் கேளுங்கோ. முந்தி ஒருக்கா நாங்கள் சொன்னனாங்கள் அக்கா. மறைக்கேல்லை, உடன சொன்னனாங்கள், முறைப்படி சொன்னனாங்கள். தம்பி ஊரில ஏ.எல் சோதினை எடுத்துக்கொண்டிருக்கேக்க, பிரயோக கணிதப் பேப்பருக்கு முதல்நாள் எங்கட அப்பா போயிட்டார். பெரியப்பா ஆள் விட்டு அவனை ரியூசனால கூப்பிட்டுவிச்சார். ஒரே ஆம்பிளைப்பிள்ளை, அவன்தானே கொள்ளி வைக்கவேணும். அடுத்தநாள் மற்றப் பிள்ளையள் மண்டபத்துக்குள்ள இருந்து எழுதேக்க இவன் ஈர வேட்டியோட சுடலையில நிண்டவன். அந்த ஒரு பேப்பர் போச்சு. பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. தகப்பனுக்கு எல்லாம் முறையாச் செய்தான், பிள்ளையெண்டா இப்பிடி இருக்கவேணும் எண்டு வந்த சனம் எல்லாம் சொல்லிப்போட்டு, சோடாவும் குடிச்சிட்டுப் போச்சுதுகள்.

அடுத்த வருசம் திருப்பி எடுத்தவன். நல்லாத்தான் செய்தவன், ஆனா தரப்படுத்தலில எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கூடி, இவன் யூனிவேசிற்றிக்கு வெளியில நிண்டுட்டான். மூண்டாந்தரம் எடுக்கிறதுக்குள்ள நாடு குழம்பிட்டுது, பொடியளை வீட்டில வைச்சிருக்கப் பயம், இஞ்ச என்னட்ட அனுப்பிவிட்டா அம்மா. அவனோட படிச்ச ஜம்புநாதன் எண்டொருத்தன், எங்கட வீட்டு விறாந்தையில இவனட்டக் கணக்குக் கேட்டுப் படிச்சவன், அவன் பேராதனையில படிச்சு முடிச்சு இப்ப இஞ்சினியர். எனக்கு அந்தப் பொடியனில கோவமில்லை. ஆனா அவன்ர பேரைக் கேட்டா அண்டைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது.

இஞ்ச வந்தும் என்ன, எல்லாம் முதல்ல இருந்துதான். அவன்ர ஏ.எல் முடிவைக் கொலிஜில காட்ட, இதென்ன எண்டு திருப்பித் திருப்பிப் பாத்தாங்களாம். பாத்திட்டு, பதினாறு வயசுப் பிள்ளையளோட கொண்டுபோய் இருத்திப்போட்டாங்கள். இவனுக்கு அப்ப இருபத்திமூண்டு வயசு, மீசை வைச்ச ஆள். முதல்நாள் வகுப்புக்குள்ள போக, வாத்தியார் வந்திட்டார் எண்டு நினைச்சுப் பிள்ளையள் கதையை நிப்பாட்டினவையாம். வந்து சொல்லிச் சிரிச்சவன். சிரிச்சுப்போட்டு மேல றூமுக்குப் போனவன்தான், சாப்பிடக் கூப்பிட்டும் வரேல்லை.

அங்க தொடங்கி, ஒவ்வொரு படியா ஏறி, இப்ப எச்.என்.டி முடிக்கப் போறான். அது டிகிரிக்கு ஒரு படி கீழ எண்டு சொல்லுறாங்கள். அதோட நிண்டாலும் எங்கயாவது வேலை கிடைக்கும், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனா இஞ்சினியர் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்கள். அங்க கணக்குப் படிப்பிக்கிற வயசுபோன வெள்ளைக்காரன் ஒராள் இருக்கிறார். அவர்தான் ஒருநாள் இவனை மறிச்சு வைச்சு, நீ ஏன் இஞ்ச இருக்கிறாய் எண்டு கேட்டவராம். தம்பி பயந்துபோனான், விசாவைப் பற்றிக் கேக்கிறாராக்கும் எண்டு. அவர் கேட்டது அதில்லை, நீ யூனிவேசிற்றியில எல்லோ இருக்கவேணும் எண்டு. அவர்தான் தனக்குத் தெரிஞ்ச ஒரு யூனிவேசிற்றியோட கதைச்சு, எலெக்ற்ரிக்கல் இஞ்சினியரிங்கில இவனை நேர ரெண்டாம் வருசத்துக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டது. கொலிஜில இருந்து அப்பிடி எடுக்கிறது வலு அருமையாம், எப்பவாவதுதான் நடக்குமாம்.

இன்ரவியூவுக்கு இவற்ற கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவன். கை நீளம் காணாது, தெரியாம இருக்க முழங்கையை மடிச்சபடியே இருந்தவனாம். எல்லாம் கேட்டுப்போட்டு, இவ்வளவு விளக்கம் இருக்கு, ஏன் உன்ர நாட்டில முதல்தரம் கணக்கு ஒரு பேப்பர் எழுதேல்லை எண்டு கேட்டாங்களாம். அண்டைக்கு வேற வேலை இருந்தது எண்டு சொல்லியிருக்கிறான். அப்பா செத்தவரெண்டு சொல்லியிருக்கலாமேடா எண்டு நான் பேசினன். அதுக்கு அவன், இரக்கப்பட்டுத் தாற இடம் எனக்கு வேண்டாம் அக்கா எண்டான். அப்பிடிப்பட்டவன். உள்ள கிடக்கிறதை ஒருநாளும் வெளியில விடமாட்டான், சின்னனிலயும் காய்ச்சல் வந்தா நாங்கள் தொட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

அவங்கள் ஓம் எண்டிட்டாங்கள். ஆனா இந்தக் கணக்குப் பேப்பரில டிஸ்ரிங்சன் எடுக்கவேணும். எடுத்தா நேர ரெண்டாம் வருசம், இல்லாட்டி ஒண்டுமில்லை. அடுத்த வருசம் பாப்பம் எண்ட கதையும் இல்லை, ஏனெண்டா அந்த வாத்தியார் இந்த வருசத்தோட பென்சன் எடுத்துக்கொண்டு போறார். அவர் போனாப் பிறகு இவனுக்காக ஆர் கதைக்கிறது? எனக்கு அங்க ஆரைத் தெரியும்? நான் போய் வாசல்ல நிண்டா என்ன பாசையில கேப்பன்?

அம்மாவுக்கு இதெல்லாம் எழுதி விளங்கப்படுத்தினனாங்கள், இன்னும் முடிவில்லை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு. அவ கேட்டாத்தானே. அடுத்த கடித உறையிலயே இஞ்சினியர் பாலேந்திரா எண்டு இங்கிலீசில பெரிசா எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பிட்டா. தம்பிக்கு வெக்கம் எண்டா வெக்கம். தபால்காரன் வாசிச்சுச் சிரிப்பான், எழுத வேண்டாமெண்டு சொல்லுங்கோ எண்டு என்னைப் போட்டுக் கரைச்சல். நான் சொல்லேல்லை. எழுதட்டும், எழுதி எழுதி ஆகட்டும் எண்டு விட்டனான்.

இப்ப அந்த மனுசி இல்லை. நெஞ்சு நோகுதெண்டு விடிய எழும்பினவவாம். கார் பிடிக்கப் போனவை திரும்பி வரேக்க முடிஞ்சுதாம்.

இல்லையில்லை, எனக்குத் தண்ணி வேண்டாம். நீங்கள் இருங்கோ.

நீங்கள் சொல்லுறது சரி, பிள்ளைக்குக் கேக்கிற உரிமை இருக்குத்தான். ஆனா கேட்டு என்ன செய்வான் சொல்லுங்கோ? அகதியெண்டு கோம் ஒபிஸ் குடுத்த காகிதத்தை வைச்சுக்கொண்டு அங்க போக ஏலாது, போனாத் திரும்பி வர ஏலாது. கொள்ளியைப் பெரியப்பான்ர மகன் வைச்சாச்சு. நாங்கள் கேள்விப்படுறதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சுது. இனி அவன் இஞ்ச இருந்து செய்யிறதெண்டா அழுறதுதான். அழுறவன் படிக்க ஏலாது, அதை நான் ஒருக்காப் பாத்தனான், இன்னொருக்காப் பாக்க எனக்குப் பெலனில்லை. அதாலதான் மீன்.

சோதினை நேரத்தில அவனுக்கு மீன் வேணும். மீன் சாப்பிட்டா மூளை வேலை செய்யுமெண்டு அம்மா பழக்கிவிட்டது. வெள்ளிக்கிழமையில தவிர இந்த வீட்டில மரக்கறிச் சமையல் இல்லை. திடீரெண்டு நான் பருப்பும் கத்தரிக்காயும் வைச்சா, சும்மா விடுவானே, ஏன் எதுக்கெண்டு கேப்பான். திங்கக்கிழமை விடிய எழும்பி முழுகினனான். முழுகிப்போட்டு நேர மார்க்கெற்றுக்குப் போய், துடக்குக்காரி, மீன்கடையில நிண்டு செவிளைத் தூக்கித் தூக்கிப் பாத்து வாங்கினனான். கடைக்காரன் வழக்கம் போலப் பகிடி விட்டான். நானும் வழக்கம் போலப் பதில் சொன்னனான். திரும்பி வாற வழியில பையைக் கீழ வைச்சிட்டு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

சமைச்சது ஒரு பக்கம், அவனுக்கு முன்னால இருந்து நானும் தின்னவேணுமெல்லே. முதல் வாய் இறங்கேல்லை அக்கா. தண்ணியைக் குடிச்சு விழுங்கிப்போட்டு, முள்ளுச் சிக்கிட்டுது எண்டு சொன்னனான். எழும்பி வந்து முதுகைத் தடவிவிட்டவன். நேற்று அவனாச் சோத்துக் கோப்பையை நீட்டி, இன்னொரு துண்டு போடுங்கோ அக்கா, இண்டைக்கு நல்லா இருக்கு எண்டு கேட்டுத் திண்டவன். ஒருநாளும் கேட்டுத் தின்னாத பிள்ளை. போட்டனான். அம்மா செத்த சேதி வந்து மூண்டாம் நாள் அவவின்ர மகனுக்கு என்ர கையால மீன் போட்டனான். என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ.

விளக்குத்தான் எனக்கு இன்னும் பயம். கொளுத்தாட்டி அவன் கேப்பான், கொளுத்தினாக் குற்றம். நல்லகாலம், திருநீறு பூசாமப் படி இறங்காதவன், இந்தக் கிழமை முழுக்க நேரம் போட்டுது நேரம் போட்டுது எண்டு படத்தடிக்கே போகாம ஓடுறான். அந்தளவில தப்பினன்.

நானோ? இல்லை, நான் அழேல்லை. அழ வரேல்லை எண்டு சொல்ல ஏலாது. குளிக்கிற அறைக்குள்ள போய் பைப்பைத் திறந்துவிட்டுப் பாத்தனான். வாய் திறந்து நிண்டதுதான், சத்தம் வரேல்லை. தொடங்கினா என்னால நிப்பாட்ட ஏலாது எண்டு உடம்புக்கும் தெரியுமாக்கும். எங்கட அம்மா அக்கா. தைப்பொங்கலுக்குக் கோல் எடுத்தனாங்கள், ரெலிபோன் விட்டு விட்டு அறுந்துகொண்டே இருந்தது, சாப்பிட்டியளோ, ரெண்டுபேரும் சாப்பிட்டியளோ எண்டதுதான் கடைசியாக் கேட்டது. ஓம் சாப்பிட்டனாங்கள் எண்டு நான் கத்தினது அவவுக்குக் கேட்டுதோ தெரியாது.

சரி, போதும். வெளிக்கிடுங்கோ அக்கா, நேரமாகுது. பின்பக்கத்தால ஏன் போறியள், முன்னாலயே போங்கோ.

ஒண்டு சொல்லுறன், நீங்கள் ஓமெண்டும் சொல்ல வேண்டாம், இல்லையெண்டும் சொல்ல வேண்டாம். இந்த நாட்டில நாங்கள் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. இவர் பிள்ளையாரில சத்தியம் பண்ணினவர், சொல்லமாட்டார். கொழும்புச் சித்தப்பாவுக்கு உங்களை ஆரெண்டே தெரியாது. இந்த வீட்டில இருந்து உங்கட வீட்டுக்கு வந்து போறது ஒராள்தான்.

தலையைக் குனியாதேங்கோ. உங்களில கோவமில்லை. கதவைத் திறந்து உங்களைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கிட்டுது. அவனுக்குத் தெரியும். ஆர் சொன்னதோ, பெற்றோல் செட்டில அவனோட நிக்கிற ஊர்ப் பொடியள் ஆரும் சொன்னாங்களோ, எப்பிடியோ தெரிஞ்சிட்டுது. தெரிஞ்சுகொண்டுதான் அந்தப் பிள்ளை என்னட்டக் கோப்பையை நீட்டினது. அக்கா ஒரு துளி கண்ணீர் விடேல்லை, பக்கத்தில ஒரு பொம்பிளை இருந்தா அழுவா, நான் சொன்னதெண்டு சொல்லாமப் போய் இருந்திட்டு வாங்கோ எண்டுதானே உங்களை அனுப்பினவன்? இப்ப உங்கட வீட்டிலதான் இருக்கிறானாக்கும், புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு. நீங்கள் திரும்பிப் போற மட்டும் ஒரு வரி வாசிக்கமாட்டான்.

நேர அவனட்டப் போங்கோ அக்கா. எனக்கு விளங்கிட்டுது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வெள்ளிக்கிழமை எழுதிப்போட்டு வரேக்க வாசல்ல வைச்சு நான் சொல்லுவன், அவன் அப்பதான் கேக்கிற மாதிரிக் கேக்கட்டும். பிறகு ரெண்டுபேரும் என்ன செய்யிறமோ அது எங்கட பாடு. இப்ப நீங்கள் போய், அக்கா அழுதவ எண்டு சொல்லுங்கோ. என்ர தோளில சாஞ்சு நல்லா அழுதவ, அழுது முடிச்சு முகமும் கழுவிட்டா, இனி அவவைப் பற்றி யோசிக்காமல் இருந்து படி தம்பி எண்டு சொல்லுங்கோ. மாதா கோயிலுக்குப் போற ஆள் நீங்கள், பொய் சொல்லச் சொல்லுறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நில்லுங்கோ, உங்கட தோள்பக்கம் கொஞ்சம் தண்ணி தொட்டு விடுறன். அவன் அதெல்லாம் பாப்பான்.